யாரு முன்ன போறா?

‘நண்பகல் நேரத்து மயக்கம்’ ஓடிக்கொண்டிருந்தபோது அப்பத்தா என் முழங்கையைத் தட்டினாள். “எதுத்த வீட்டுல சத்தத்தக் கொறைக்கச் சொல்லுய்யா. அவுக பழைய படம் போட்ருக்காக போல, ரெண்டும் ஒண்ணா விழுந்து ஒரு மண்ணும் வெளங்கல.”

எதிர்த்த வீடு பூட்டிக் கிடந்தது. படத்துக்குள் ஒரு வீடு, அந்த வீட்டுக்குள் ஒரு டிவி, அதில் ஓடும் பழைய தமிழ்ப் படத்தின் வசனம்தான் அவள் காதில் விழுந்திருக்கிறது. அதை விளக்கினேன். கூடவே, அந்த டிவி முன்னால் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கும் கண் தெரியாது என்றேன்.

“கண்ணு தெரியாதவ எதுக்கு டிவி பாக்கா?”

“நீ எதுக்குப் பாக்க?”

சிரித்தாள். படம் முடிகிறவரை எதிர்த்த வீட்டைப் பற்றி அவள் பேசவில்லை.

அப்பத்தாவுக்கு கிளாக்கோமா. மதுரையில் கொண்டுபோய்க் காட்டியபோதே பார்வை நரம்பு ரொம்பக் கெட்டிருந்தது. போனது திரும்ப வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். மிச்சம் என்பது சன்னல் வெளிச்சமும் ஆள் நிழலும். 2023இல், எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லியிருந்த காலத்தில், சென்னை அறையைக் காலி செய்துவிட்டு எம்.ரெட்டியபட்டிக்கு வந்து சேர்ந்தேன். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தைத் தெரியாதவர்களுக்காக: கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் பருத்தி, மிளகாய், மல்லி, அதுவும் பொய்த்தால் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம். சித்திரை வைகாசியில் மத்தியானம் பன்னிரண்டுக்கு மேல் தெருவில் நாய்கூட நடக்காது. அந்தச் சனி, ஞாயிறு மத்தியானங்களில் அப்பத்தாவுக்கு நான் படம் ‘சொல்ல’ ஆரம்பித்தேன்.

இது எனக்குப் புது வேலை இல்லை என்று முதலில் நினைத்தேன். இணையப் பக்கங்களை ஸ்க்ரீன் ரீடர் ஒழுங்காக வாசிக்கிறதா என்று பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. படம் தெரியாதவர்களுக்காக அதனடியில் எழுதிவைக்கும் வரியை ஆல்ட் டெக்ஸ்ட் என்போம். அதற்கு ஒரு பாலபாடம் உண்டு: கண்ணில் படுவதையெல்லாம் எழுதாதே, அந்தப் படம் அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறதோ அதை எழுது. எத்தனையோ பட்டன்களுக்கும் பேனர்களுக்கும் எழுதியிருக்கிறேன். ஒரு சினிமாவுக்கு எழுத உட்கார்ந்ததும் கை ஓடவில்லை. ஒரு ஷாட் அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று சொல்லத் தெரிந்தால் அதுதானே விமர்சனம்? நான் இத்தனை வருடம் ‘விமர்சனம்’ என்று எழுதியவற்றில் எத்தனை இடத்தில் அதைச் செய்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணாமலே இருந்திருக்கலாம்.

ஓடிடியில் ஆங்கிலப் படங்கள் பலவற்றுக்கு ஆடியோ டிஸ்க்ரிப்ஷன் என்று தனி ஒலித்தடம் இருக்கிறது. வசனத்துக்கு நடுவில் ஒரு குரல் காட்சியைச் சொல்லும். எங்கள் வீட்டில் பார்த்த தமிழ்ப் படம் ஒன்றிலும் அது இல்லை. ‘பதான்’ படத்துக்கு அதைத் தயாரிக்கச் சொல்லி 2023 ஜனவரியில் டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. அது இந்திப் படம், ஷாருக் கான் படம். ரெட்டியபட்டிக்கு வந்து சேர நாளாகும். அதுவரை நான்தான்.

என் தலைமுறை சினிமா பைத்தியங்களுக்கு ஒரு வேதவாக்கு உண்டு: சினிமா காட்சி ஊடகம். இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் ஹார்ட் டிஸ்க் ஹார்ட் டிஸ்க்காகக் கைமாறி வந்த தார்க்கோவ்ஸ்கியையும் பேலா தாரையும் அரைத் தூக்கத்தில் பார்த்துவிட்டு நாங்கள் கற்றுக்கொண்டது இதுதான். வசனம் அதிகம் என்றால் நாடகம். நாடகம் என்றால் கேவலம். ‘பராசக்தி’யைக் கிண்டல் அடிக்காதவன் எங்கள் அறையில் உட்கார முடியாது. இந்த வாக்கு அப்பத்தாவின் கட்டில் பக்கத்தில் செல்லுபடியாகவில்லை. ஆனால் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டும் நான் தப்பிக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் சில வாரங்கள் கண்டபடி போட்டுப் பார்த்தோம். ‘விக்ரம்’ (2022) எனக்குப் பிடித்த படம். அவளுக்கு அதில் முக்கால்வாசி ஒரே இரைச்சல். “யாரு சுடுறா? யாரு செத்தா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இருபது நிமிடத்தில் நான் கபடி வர்ணனையாளன் ஆகிவிட்டேன். ஃபகத் பாசில் ஆள் ஆளாகப் போய் விசாரிக்கிற முதல் பாதியில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பின்னணி இசை பேச்சை மிதித்துக்கொண்டு போவதை, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் நான் கவனித்தேன். இன்றைய பெரிய நடிகர் படங்கள் பலவற்றில் இதே நிலைதான். தியேட்டரில் அது நெஞ்சுக்குள் அதிர்வதால் மன்னித்துவிடுகிறோம்.

‘இன்டர்ஸ்டெல்லர்’ (2014) இன்னும் மோசம். இசை வந்து வசனத்தை முழுங்குகிறது என்று அமெரிக்காக்காரர்களே புலம்பிய படம். கருந்துளை, காலம் மெதுவாவது என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். அவள் அதில் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: தூசி விழுந்துவிடும் என்று அந்த வீட்டில் தட்டுகளைக் கவிழ்த்து வைக்கிறார்கள். “வெள்ளக்காரங்களும் தட்டக் கவுத்தித்தான் வைப்பாகளா?” எங்கள் அடுப்படியிலும் அப்படித்தான் கிடக்கும். கிரகம் கிரகமாகப் போனதைவிட அந்தச் சாப்பாட்டு மேசைதான் படத்தின் நல்ல காட்சி என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது. அந்த உலகத்தில் பூமி எப்படி ஆகிப்போனது என்பதை அந்த ஒரு தட்டு சொல்லிவிடுகிறது.

‘எ கொயட் பிளேஸ்’ (2018) போட்டதும் டிவி கெட்டுப்போச்சு என்றாள். சத்தம் கேட்டால் பிராணி வந்து அடித்துவிடும், அதனால் மனுஷர்கள் பேசாமல் வாழ்கிறார்கள் என்றேன். அதன்பிறகு அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டாள். ஒரு இடத்தில் “மணல்ல நடக்காக” என்றாள். உண்மைதான். காலடிச் சத்தம் கேட்காமல் இருக்க அந்தக் குடும்பம் பாதையில் மணல் போட்டு வைத்திருக்கும். நான் அதை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. குண்டாற்று மணலில் நடந்து வளர்ந்தவள் காது அது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, தமிழர்களுக்குப் படத்தைக் ‘கேட்பது’ ஒன்றும் ஊனமுற்றவர்களுக்கான மாற்று ஏற்பாடு அல்ல என்பது. வானொலியில் ஒலிச்சித்திரம் என்று முழுப் படத்தையும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிப் போடுவார்கள். கோயில் கொடை, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் குழாய் ரேடியோவில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) வசனமும் ‘திருவிளையாடல்’ (1965) தருமி காட்சியும் ஓடும். பார்த்தவர்களைவிட இந்தப் படங்களைக் கேட்டவர்கள் அதிகமாக இருப்பார்கள் என்பது என் ஊகம். ‘பராசக்தி’ (1952) வசனத்தைப் புத்தகமாக வாங்கிப் படித்து மனப்பாடம் செய்தார்கள். ‘விதி’ (1984) படத்தின் கதைவசன கேசட் ஒலிக்காத டீக்கடை இல்லை என்று எங்கள் ஊர்ப் பெரிசுகள் சொல்வார்கள். இதையெல்லாம் நாடகத்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டோமே, அது எந்தத் தேவையிலிருந்து வந்தது என்று யோசித்தோமா? தியேட்டருக்கு நடந்து போய் வர ஒரு பொழுது ஆகும் ஊர்களுக்கு, காட்டு வேலைக்கு நடுவில், படம் காதுவழியாகத்தான் வர முடிந்தது. எழுதியவர்களுக்கும் அது தெரிந்திருந்தது.

இந்த உற்சாகத்தில்தான் ‘தண்ணீர் தண்ணீர்’ (1981) போட்டேன். கோமல் சுவாமிநாதனின் நாடகம், கே. பாலசந்தர் படமாக்கியது. தண்ணீரில்லாத அத்திப்பட்டி என்கிற ஊருக்கு ஜெயிலிலிருந்து தப்பி வந்த ஒருவன் தண்ணீர் கொண்டுவந்து தருகிறான். ஊர் அவனை அடைகாக்கிறது. அரசாங்கம் குறுக்கே நிற்கிறது. கல்லூரியில் நான் இதைப் பாதியில் நிறுத்தியவன். கேமரா நிற்கிறது, ஆட்கள் பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன். இப்போது அதே பேச்சு எனக்குப் பெரிய வசதியாக இருந்தது. நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. ஊர்க்கூட்டக் காட்சிகளில் குரலை வைத்தே ஆளைப் பிரித்துக்கொண்டாள். சரிதாவின் குரல் வந்தபோதெல்லாம் தலையை ஆட்டினாள். ஆகா, என் வேதவாக்கு பொய்த்தது, நாடகம் ஜெயித்தது என்று கட்டுரையே மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது.

படம் முடிந்ததும் கேட்டேன், எப்படி என்று.

“நல்லாத்தான் இருக்கு.” கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா இம்புட்டுப் பேச்சு பேச நாக்குல ஈரம் வேணும்லய்யா” என்றாள்.

நான் நாற்பது பக்கம் எழுதினாலும் சொல்ல முடியாத விமர்சனம் அது. ‘தண்ணீர் தண்ணீர்’ கோபத்தோடு எடுக்கப்பட்ட படம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது தாகத்தைப் பற்றி வாதாடுகிறதே தவிர, அதில் யாருக்கும் தாகம் எடுப்பதில்லை. இதை நான் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. கண் தெரியாத ஒருத்தி நாக்கால் கண்டுபிடித்தாள்.

‘நண்பகல் நேரத்து மயக்கம்’ இதற்குப் பிறகு வந்தது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி எடுத்த மலையாளப் படம், பாதிக்கு மேல் தமிழ் பேசும். வேளாங்கண்ணி போய்த் திரும்பும் வேனில் ஜேம்ஸ் (மம்மூட்டி) மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து, வேனை நிறுத்தி இறங்கி, முன்பின் தெரியாத தமிழ்க் கிராமத்து வீடொன்றுக்குள் நுழைகிறார். காணாமல்போன சுந்தரமாகவே வாழத் தொடங்குகிறார். பெரும்பாலும் அசையாத கேமரா. பின்னணி இசைக்குப் பதிலாக ஊர் முழுக்கக் கேட்கும் பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும். விமர்சகர்கள் அதை ஏக்கம், பழைய நினைவு என்றெல்லாம் எழுதினார்கள், நானும்தான். அப்பத்தாவோடு கேட்டபோது வேறொன்று புரிந்தது. அந்த ஊரே சினிமா வசனத்துக்குள் வாழ்கிறது. அதனால்தான் ஒரு அந்நியன் வந்து சுந்தரத்தின் குரலில் பேசியதும் அது அந்த ஊருக்குள் பொருந்திவிடுகிறது. மனைவியும் மற்றவர்களும் முகத்தைப் பார்த்துத் திகைத்து நிற்கிறார்கள். முகம் தெரியாத கிழவி மட்டும் யோசிக்காமல் ஏற்றுக்கொள்கிறாள். “அவ ஏன் சந்தேகப்படல?” என்று நான் அப்பத்தாவைக் கேட்டேன். “பேச்சு சரியா இருக்குல்ல. அப்பறம் என்ன?” என்றாள். அந்தக் காட்சியைப் பற்றி இதற்கு மேல் எனக்கும் சொல்ல எதுவும் இல்லை.

கடைசியாக ‘கூழாங்கல்’. பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம். 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்த வருடம் ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போனது. 75 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியைக் கூட்டிவர, பள்ளிக்கூடத்திலிருந்த மகனையும் இழுத்துக்கொண்டு போகிறான் குடிகார கணபதி. திரும்பி வருகையில் பையன் பஸ் காசைக் கிழித்துப் போட்டுவிட, இருவரும் வெயிலில் நடக்கிறார்கள். கதை அவ்வளவுதான். பேச்சு மிகக் குறைவு. இதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கித் தயங்கி ஒருநாள் போட்டேன்.

முதலில் எனக்குத் தெரிந்த பாஷையில் ஆரம்பித்தேன். பெரிய வெட்டவெளி, செம்மண், தூரத்தில் பாறை, கேமரா பின்னாலேயே போகிறது… இந்தப் படத்தைப் பற்றி முன்பு எழுதியபோது நிலமே ஒரு கதாபாத்திரம் என்று நான் எழுதியிருந்தேன். எல்லோரும் எழுதினார்கள்.

“அதெல்லாம் கெடக்கட்டும். யாரு முன்ன போறா?”

“அப்பன் முன்னாடி. பையன் பின்னாடி.”

“எம்புட்டுப் பின்னாடி?”

பார்த்துச் சொன்னேன். நெருங்கினால் நெருங்குகிறது என்றேன், விலகினால் விலகுகிறது என்றேன். “பய வாரானான்னு திரும்பிப் பாக்கானா?” என்றாள். ஒவ்வொரு முறையும் அதையே கேட்டாள். நான் அதற்கு முன் இரண்டு முறை பார்த்த படம் இது. அந்த இருவருக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்துகொண்டே பார்த்ததில்லை. அப்படிப் பார்த்தால் படத்தின் எல்லாக் காட்சியும் அந்தத் தூரத்தில்தான் நடக்கிறது. பின்னால் வரும் பையன் உடைந்த கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பி அப்பன் முதுகில் அடிக்கும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். அதை வெறும் சேட்டையாக, கொஞ்சம் பழிவாங்கலாக நினைத்திருந்தேன். தூரத்தை வைத்துப் பார்த்தால், அது கை எட்டாத இடத்திலிருந்து அப்பனைத் தொடுவது. அடி வாங்காமல் தொட அவனுக்கு வேறு வழியில்லை.

பையன் ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான் என்றேன். “ஊறும்” என்றாள். அந்த ஒரு சொல்லோடு சரி.

கடைசியில் பெண்கள் குழியைச் சுற்றி உட்கார்ந்து, ஊறும் தண்ணீரை மொண்டு மொண்டு குடம் நிறைக்கும் நீண்ட காட்சி. நான் சொல்லத் தொடங்கும் முன்பே “ஊத்துல எடுக்காக” என்று கையமர்த்தினாள். படத்தின் பெயர்ப்பட்டியல் ஓடி முடிகிறவரை இருவரும் பேசவில்லை.

பிறகு அவள்தான் பேசினாள். அப்பாவுக்கு அஞ்சு வயது இருக்குமாம். தாத்தா அடித்த அடியில், பொழுது உச்சிக்கு வந்த நேரம் பார்த்து, குண்டாற்றங்கரையிலிருந்த தாய்வீட்டுக்கு நடையைக் கட்டியிருக்கிறாள். ஏழெட்டு மைல். அவள் முன்னால், அப்பா பின்னால். “ஒரு தடவகூட திரும்பிப் பாக்கல. திரும்பிப் பாத்தா அவென் மொகத்தப் பாக்கணும். மொகத்தப் பாத்தா திரும்பி வீட்டுக்கு வந்துருவேன்.” மூன்றாம் நாள் தாத்தா போய்க் கூட்டிவந்தார். அதுவும் நடைதான். அவர் முன்னால், இவர்கள் பின்னால். இத்தனை வருடத்தில் அவள் இதை யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

அப்பா வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. “எனக்கு ஞாபகமே இல்லையே” என்றார்.

“உனக்கு எதுக்கு அந்த ஞாபகம்” என்றாள் அப்பத்தா.

அன்று ராத்திரி மறுபடியும் அந்தப் பேச்சு வந்தது. கணபதி ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதற்கு அவள் ஒரு காரணம் வைத்திருந்தாள்: வெட்கம். பொண்டாட்டி வரவில்லை, மச்சினன்மாரோடு அடிதடி, பையனுக்கு எதிரே அவமானம், எந்த மூஞ்சியை வைத்துத் திரும்புவான் என்றாள். எனக்கு இதில் உடன்பாடில்லை. படம் அவனுக்கு அந்த வெட்கத்தைக் கொடுத்திருப்பதாக நான் நினைக்கவில்லை. அவன் நடை, பையனைக் கைநீட்டும் விதம் எல்லாம் ஆத்திரம்தான். அவள் தன் நடையை எடுத்து அவனுக்கு மாட்டிவிடுகிறாள். அல்லது தாத்தாவுக்கு இத்தனை வருடம் கழித்து ஒரு காரணம் தேடிக் கொடுக்கிறாள். இதை அவளிடம் சொல்லவும் செய்தேன். “நீ மொகத்தப் பாத்த, நான் நடையக் கேட்டேன்” என்று முடித்துக்கொண்டாள். அந்த நடைச் சத்தத்தை ஹெட்போன் மாட்டி இரண்டு முறை கேட்டுவிட்டேன். எனக்கு இன்னும் ஆத்திரம்தான் கேட்கிறது. ஆனால் படம் நல்ல படமா, இல்லையா என்று அவளிடம் கேட்கும் தைரியம் மட்டும் வரவில்லை. “நல்லாத்தான் இருக்கு” என்று அவள் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன போட என்றதற்கு, கொஞ்சமும் யோசிக்காமல் ‘விதி’ என்றாள்.

கே. விஜயன் இயக்கியது, வசனம் ஆரூர்தாஸ். ஏமாற்றிக் கைவிட்ட ஒருவனை ஒரு பெண் கோர்ட்டுக்கு இழுக்கிறாள், அவளுக்காக வக்கீல் சுஜாதா வாதாடுகிறார். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று நான் சொல்லப் பழகிய எந்தச் சொல்லும் அதில் ஒட்டாது. அப்பத்தா அந்தப் படத்தை அதற்குமுன் பார்த்ததே இல்லையாம். கேசட்டில் கேட்டதுதான். கோர்ட் காட்சி வந்ததும் சுஜாதா பேசுவதற்கு அரை நொடி முன்னால் அவள் உதடு அசைய ஆரம்பித்தது. அப்பாவும் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

குறுக்கு விசாரணை நடுவில் கரண்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது. அப்பத்தா நிற்கவில்லை. வக்கீல், எதிர் வக்கீல், சாட்சி, ஜட்ஜ் என்று குரலை மாற்றி மாற்றி, கடைசித் தீர்ப்பு வரைக்கும் அவளே கொண்டுபோய் முடித்தாள். நானும் அப்பாவும் வேர்க்க வேர்க்கக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கரண்ட் வந்ததும் அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுச் சரிபார்த்தேன். அவள் பேசியதில் பாதி அந்தப் படத்திலேயே இல்லை.